சகலை கழற்றிய கியர் பொக்ஸ்

போன வருஷம் மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால், என் மாமனாரின் ஸ்கூல் வேன் தோட்டத்து ஏற்றத்தில் பின்பக்கமாக ஏறிப் போனது. கதைக்குச் சுவை கூட்ட இதைச் சொல்லவில்லை. பசறை ரோட்டை விட்டுப் பிரிந்து தேயிலை ஸ்டோருக்கும் தொழிலாளர் லயங்களுக்கும் ஏறும் கொங்கிரீட் பாதை அது. டிரைவில் போட்டால் எஞ்சின் கத்துகிறது, வேன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரிவர்ஸில் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் இழுக்கிறது. மாமா யோசித்துப் பார்த்திருக்கிறார். வேனைத் திருப்பி, முதுகை மேட்டுக்குக் காட்டி, ரிவர்ஸிலேயே ஏற்றிவிட்டார். உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு அன்றைக்குத் திருவிழா. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த ஓர் அக்கா பாதையோரம் ஒதுங்கி நின்று, "என்னா மாமா, வீட்ல சண்டையா? மூஞ்சியக் காட்டாம போறீங்க" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வி மறுநாள் காலைக்குள் பதுளை பஸ் நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. இந்த மாதிரிப் பேச்சுகள் என்றால் எனக்கு உயிர். யார் எதைச் சொன்னாலும் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆளிடம் நானே யோசித்துச் சொன்னது போல எடுத்து விடுவேன். இதை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த வேனுக்குப் பாஸ் நான்.

எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எங்கும் போய்ப் படித்த பாஸ் இல்லை. லொறிக்கு அடியில் படுத்து, மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். பசறை ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு குழியும் தகரக் கூரையுமாக எனக்கொரு கராஜ் இருக்கிறது. கை கியர் வண்டி எதுவானாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வளைவு வரை போய் வந்தால் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மாமாவின் பழைய வேன், அதற்கு முன்னால் இருந்த வேன், இரண்டும் என் கையில் வளர்ந்தவை. கல்யாணம் பேச வந்தபோதே அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், தன் வேனில் ஒரு சத்தம் வருகிறது, என்னவென்று பார்க்க முடியுமா என்று கேட்டவர். அதைச் சரி செய்து கொடுத்த பிறகுதான் பிளேன்டீ குடித்தார். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அத்தை கேட்டதற்கு, சத்தம் போய்விட்டது என்று பதில் சொன்னாராம்.

அப்படிப்பட்ட மனிதர், இடது முழங்கால் கிளச் மிதிக்க மறுத்ததும், ஒட்டோ கியர் வேன் ஒன்று வாங்கினார். ஜப்பானில் ஓடிக் களைத்து, கொழும்பில் இன்னும் இரண்டு பேரிடம் இருந்து, கடைசியாக மலைக்கு வந்த வேன். வாங்கும் முன் என்னைக் கேட்கவில்லை. சகலையைப் போனில் கேட்டார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கச்சி புருஷன். வளைகுடாவில் ஒட்டோ கியர் மட்டுமே பார்க்கும் பெரிய பட்டறை ஒன்றில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, பண்டாரவளையில் கடை போட்டிருந்தான். உயரமும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு விஷயத்தைக் கேட்டால் பதில் வருவதற்குள் நாம் வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். ஆனாலும் அவன் வாய் திறந்தால் மாமா வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைப்பார்கள். நான் பேசும்போது கூட்டுவார்கள். நான் பேசுவதைக் கேட்க ஊரில் ஆட்கள் வந்து உட்காருவார்கள் என்பது வேறு விஷயம். மாமா வீட்டுக் கணக்கில் அது சேராது.

வேன் பின்பக்கமாக ஏறிய மறுநாளே நான் மேலே போனேன். அளவுக் கம்பியை உருவி மூக்கருகில் வைத்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கறுத்து, அடிப்பிடித்த பருப்பு வாசம் அடித்தது. டிரைவில் போட்டால் உடனே ஒரு சின்ன உலுக்கல் வந்து வண்டி தயாராக வேண்டும். அந்த உலுக்கல் வரவே இல்லை. ரிவர்ஸில் சுத்தமாக வந்தது. ஒயில் கெட்டிருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் வழக்கத்துக்கு மேல் உறுதியாக இருந்தது எனக்கே கேட்டது.

பஜாரில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நானாவிடம் ஒயிலும் ஃபில்டரும் வாங்கப் போனேன். அவர் டின்னை எடுத்துக்கொண்டே, "ஒட்டோ கியருங்கிறது மாமனார் வீடு மாதிரி தம்பி. உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க" என்றார். அந்த நேரம் பார்த்து அதைச் சொல்ல வேண்டுமா. ஆனாலும் நல்ல பேச்சு. எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒயில் மாற்றிய பிறகு வேன் நன்றாக ஓடியது. மாமா என் தோளில் தட்டினார். நான் போகிற வருகிறவரிடமெல்லாம் ஒட்டோ கியரும் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது வேன் மறுபடியும் நின்றது. இந்த முறை தட்டையான ரோட்டில்.

மாமாவுக்கு அந்த வேன் ஒன்றுதான் பிழைப்பு. காலையில் மேல் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பதுளைப் பள்ளிக்கூடங்களில் விடுவார், மதியம் கூட்டிக்கொண்டு வருவார். வேன் நின்ற வாரத்தில் பெற்றோர் சிலர் கீழ்த் தோட்டத்து வேன்காரரிடம் பேச்சுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். புது வேன், பாட்டுப் பெட்டி வேறு. மாமா லயத்து வாசலில் நின்ற வேனைத் தினமும் கழுவினார். ஓடாத வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்ப்பது எனக்கு என்னவோ செய்தது. நான் சரி செய்ய வேண்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், நான்தான் சரி செய்ய வேண்டும் என்று இருந்தது.

முடிவு மாமா வீட்டில் எடுக்கப்பட்டது. பண்டாரவளை வரைக்கும் அந்த ஏற்றத்தில் வேனைக் கட்டி இழுக்க முடியாது. பதுளைக்கு இறக்கம், அதனால் என் கராஜுக்கு இழுத்து வரலாம். சகலை அங்கே வந்து கியர் பொக்ஸைக் கழற்றுவான். மாமா இதை எனக்குச் சொன்ன விதம் இப்போதும் காதில் இருக்கிறது. "கராஜு ஒங்களுது மாப்பிள்ளை. சின்ன மாப்பிள்ளை வேலையப் பாத்துக்குவாரு" என்றார். என் வீட்டில் சமையல், சமைப்பது பக்கத்து வீட்டுக்காரி என்பது போல. நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

அவன் தன் சின்னக் காரில் வந்து இறங்கினான். கீழே இறங்கியதும் என்னைப் பார்த்து, "அண்ணே, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு, நான் நன்றாக இருப்பதைப் பற்றி மூன்று விஷயம் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக நின்றான். பிறகு காரின் பின்கதவைத் திறந்தான். சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். சாவிகள் அளவு வாரியாகத் துணியில் சொருகப்பட்டிருந்தன. என்னுடைய சாவிகள் ஒரு பால்மா டின்னில் இருக்கின்றன. வேண்டியதை எடுக்க டின்னைக் கவிழ்க்க வேண்டும்.

முதலில் அவன் கழற்றவே இல்லை. அழுத்தம் பார்க்கும் மீட்டர் ஒன்றைக் குழாயோடு கியர் பொக்ஸில் பொருத்தி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு கியரிலும் பார்த்தான். ஒயில் அழுத்தம் நன்றாக இருந்தது. அதன் பிறகு அடித்தட்டை இறக்கி, அதன் மூலையில் இருந்த காந்தத்தை விரலால் தடவிப் பார்த்தான். இரும்புத் தூள் அதிகம் இல்லை. கறுப்பாக, ஈரச் சாம்பல் போல ஒரு படிவு. அதைக் கண்டதும் அவன் சொன்ன ஒரே வார்த்தை "தட்டு." நான் ஒயிலை முகர்ந்தேன், அவன் கணக்குப் போட்டான். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் அந்த இடத்தில் ஒயில் டின்னோடு நின்றுவிட்டேன், அவன் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

தட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கை கியரில் பல்லோடு பல் பிடிக்கும். ஒட்டோ கியரில் தட்டோடு தட்டு. தடித்த காகிதம் ஒட்டியது போன்ற வட்டத் தட்டு ஒன்று, வெறும் இரும்புத் தட்டு ஒன்று, மறுபடி அது, மறுபடி இது என்று ஒரு டிரம்முக்குள் அடுக்கியிருக்கும். ஒயில் அழுத்தம் வந்து அவற்றை நெருக்கினால் எல்லாம் ஒன்றாகச் சுற்றும், வண்டி நகரும். இப்படிப்பட்ட அடுக்குகள் உள்ளே சில இருக்கும். எந்த அடுக்கு பிடிக்கிறது என்பதைப் பொறுத்து கியர். அந்த ஒயிலை அனுப்பும் பம்ப் எஞ்சினோடு சுற்றுவது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் ஒயில் நிறைய, மெதுவாகச் சுற்றினால் கொஞ்சம். இவ்வளவும் அந்த வாரத்தில் நான் தெரிந்துகொண்டது. அவன் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவன் வேலை செய்தான், நான் ஏதோ தேடுவது போலப் பக்கத்தில் நின்றேன்.

கியர் பொக்ஸை இறக்கும்போது மட்டும் நான் தேவைப்பட்டேன். பாரம். குழிக்குள் இறங்கி, பாரம் தூக்கும் ஜக்கில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்து இறக்கினோம். அந்த வேலையில் அவனைவிட என் தோள்தான் கெட்டி என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அது மேசைக்கு வந்ததும் என் கராஜ் எனக்கு அந்நியமானது. மேசையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னான். நான் பழக்க தோஷத்தில் பஞ்சுக் கழிவை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். வால்வுகள் ஓடும் பள்ளத்தில் ஒரு நூல் சிக்கினாலும் கியர் மாறாமல் நின்றுவிடும், காற்றடித்துத்தான் காயவைக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். என் இடுப்பில் எப்போதும் தொங்கும் அந்தப் பஞ்சுக் கழிவை அவன் போகும்வரை நான் தொடவில்லை. கை துடைக்காமல் நிற்பது சட்டை போடாமல் நிற்பது போல இருந்தது.

பதினொரு மணி வாக்கில் என் மனைவி வந்தாள். வழக்கமாக எனக்குத் தேத்தண்ணி கடைசிச் சந்திலிருக்கும் கடையிலிருந்து வரும். அன்று வீட்டிலிருந்து வந்தது, அதுவும் விருந்தாளிக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையில். அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கோப்பையை வாங்கினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். "மூணு தண்ணில கழுவினாலும் இவரு பிடிச்ச கோப்பையில தேத்தண்ணி ஒயில் வாசந்தான் அடிக்கும்" என்று தங்கச்சி புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். நல்ல பேச்சு. வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் பதுளை முழுக்க எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

அவன் ஒவ்வொரு டிரம்மாகத் திறந்தான். ஒரு வளையத்தை எடுப்பான், தட்டுகளை எடுப்பான், எடுத்த வரிசையிலேயே மேசையில் வைப்பான், போனில் படம் பிடிப்பான். முதல் அடுக்கு நன்றாக இருந்தது. அடுத்ததும் நன்றாக இருந்தது, புதுசு போல. கடைசியில், முன்னால் போகும் கியர்களுக்கு மட்டும் பிடிக்கிற அடுக்கைத் திறந்தான். தட்டுகளில் காகிதமே இல்லை. இரும்புத் தட்டுகள் சூடேறி நீலம் பாய்ந்து, ஒன்று கொஞ்சம் வளைந்தும் இருந்தது. ரிவர்ஸ் ஏன் இழுத்தது, டிரைவ் ஏன் இழுக்கவில்லை என்பது இப்போது யாருக்கும் தெரியும்.

ஆனால் அவன் சந்தோஷப்படவில்லை. கருகிய தட்டையும் நல்ல தட்டையும் பக்கம் பக்கமாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தான். வயசானால் எல்லாம் சேர்ந்து தேய வேண்டும், அழுத்தம் குறைந்திருந்தால் எல்லாம் சேர்ந்து கருக வேண்டும், இது மட்டும் தனியாகச் செத்திருக்கிறதே என்றான். பார்த்த எத்தனையோ கியர் பெட்டிகளில் இப்படி ஒன்று பார்த்ததில்லை என்றும் சொன்னான். அந்த நேரம் மாமா சோத்துப் பார்சலோடு வந்து சேர்ந்தார். அவன் அவரிடம் திரும்பி, வேனை எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டான்.

"கொழந்தய மடியில வச்சிருக்க மாதிரி ஓட்டுவேன் மாப்பிள்ளை" என்றார் மாமா.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் ஓட்டுவார். ஆனால் எனக்கு அங்கேயே, அந்த நிமிஷமே, விஷயம் விளங்கிவிட்டது.

மலையில் லொறி ஓட்டிப் பழகியவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறக்கம் வந்ததும் நியூட்ரலில் போட்டு உருட்டுவார்கள். டீசல் எண்ணெய் மிச்சம், வண்டிக்கும் ஓய்வு என்பது அவர்கள் எண்ணம். பிரேக்குக்கு ஆபத்து என்று எத்தனை பேர் சொன்னாலும் விட மாட்டார்கள். எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் அது இன்னும் ஊறிப்போனது. தோட்டத்திலிருந்து பதுளை வரைக்கும் எஞ்சினைக் கேட்காமலே வந்துவிடுவேன் என்று மாமா பெருமையாகச் சொல்லுவார். கை கியர் வேன் அதைத் தாங்கியது. இந்தப் பெட்டி எப்படித் தாங்கும்? எஞ்சின் தூங்குகிறது, பம்ப் துளித்துளியாக ஒயில் அனுப்புகிறது. சக்கரமோ இறக்கத்தில் பறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒயில் போதாமல் சுழற்றுகிறது. கீழே வந்ததும், ஓடுகிற ஓட்டத்திலேயே டிரைவுக்குத் தள்ளுவார். அத்தனை வேகத்தையும் அந்த ஒரு அடுக்குத்தான் ஓர் அடியில் பிடிக்க வேண்டும். தினமும், இறங்கும் வளைவுக்கு வளைவு. கருகாமல் என்ன செய்யும்.

பண்டாரவளைக் கடைக்கு வரும் வண்டிகளை அவன் பெட்டியாகத்தான் பார்ப்பான். மாமாவோடு அந்த ரோட்டில் இறங்கியவன் நான்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவன் என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் மாமாவைப் பார்த்துக் கேட்டான், பிறகு தட்டைப் பார்த்துக் கேட்டான். அடுக்கை நெருக்கும் பிஸ்டனின் ரப்பர் வளையம் கொஞ்சம் இறுகியிருந்ததைக் கண்டுபிடித்து, இதுவாகத்தான் இருக்கும் என்று அரைமனதாக முடிவு செய்தான். நான் சோத்துப் பார்சலைப் பிரித்தேன். எனக்குள் ஒருவன் உட்கார்ந்து, போட்டுக் கொடுக்கட்டும், சில மாசத்தில் திரும்பக் கருகட்டும், அப்போது டிவி சத்தத்தை யாருக்குக் கூட்டுகிறார்கள் என்று பார்ப்போம் என்றான். இன்னொருவன், பிள்ளைகள் நடந்து போவார்களே என்றான். முதல் ஆளுக்கு என் குரல் இருந்தது, அதனால் அவன் சொன்னது இயல்பாகக் கேட்டது. கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது.

நானா கொழும்பிலிருந்து சாமான்களை வரவழைத்துக் கொடுத்தார். புதுத் தட்டுகளை அப்படியே போடக் கூடாது என்று சகலை அவற்றை ஒரு பேசினில் ஒயில் ஊற்றி ஊறவைத்தான். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைப்பது போல என்று நான் சொன்னதற்கு அவன் சிரித்தான். அவன் சிரித்ததில் எனக்குச் சந்தோஷம் வந்தது, அந்தச் சந்தோஷத்தின் மேல் கோபம் வந்தது. ஒவ்வொரு அடுக்கையும் கட்டியதும், இடைவெளியை மெல்லிய தகட்டால் அளந்தான். பிறகு ஒயில் போகும் ஓட்டையில் காற்றடித்தான். உள்ளே பிஸ்டன் நகர்ந்து தட்டுகளை நெருக்கும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் வந்தது. திறந்து கிடந்த கதவு சரியாகப் பொருந்தி மூடுவது போன்ற சத்தம். கசிவு இருந்தால் அது சீறும், இப்படி வராது என்றான்.

அந்தச் சத்தத்தின் மேல்தான் எனக்கு உண்மையான பொறாமை வந்தது. பூப்போட்ட கோப்பை, கையுறை, மாமாவின் போன் எல்லாம் அதற்கு முன்னால் சும்மா. நான் ஒரு வாழ்நாள் முழுக்க சத்தங்களைக் கேட்டுப் பிழைத்தவன். தேய்ந்தது, உடைந்தது, வறண்டது என்று கெட்டுப்போனதன் சத்தமெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு பொருள் சரியாக இருப்பதற்கு இப்படி ஒரு சத்தம் உண்டு என்றும், அதை இவன் தினமும் கேட்கிறான் என்றும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. காற்றுக் குழாயை என்னிடம் நீட்டி, "நீங்க ஒருக்கா அடிங்க அண்ணே" என்றான். அடித்தேன். டொப். இன்னொரு தடவையும் அடித்தேன், தேவையில்லாமல்.

வேன் ஓடியது. ஓடியது என்றால், டிரைவில் போட்டதும் மெல்லிய உலுக்கல், பிரேக்கை விட்டால் தானாக நகர்ந்தது. சோதனை ஓட்டத்துக்கு மாமாவே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சகலை முன்சீட்டில், நான் பின்னால் பிள்ளைகளின் சீட்டில், முழங்கால் தாடையில் இடிக்க. மேலே ஏறி இறங்கினோம். சின்ன மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் மாமா பரீட்சை எழுதுவது போல இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். லீவரைத் தொடவே இல்லை. சகலை முகத்தில் நிம்மதி. மாமா வேனை நிறுத்திவிட்டு டாஷ்போர்டில் இருந்த மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டார், பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சைடு கதவைத் திறந்து இறங்கினேன். அந்தக் கதவை யாரும் எனக்குத் திறந்துவிட வேண்டியதில்லை, அதற்கு நானே முன்பு கிரீஸ் போட்டிருந்தேன்.

அன்று மாமா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சகலை சாப்பிட்டுவிட்டுப் பண்டாரவளைக்குப் போய்விட்டான். நாங்கள் தங்கிவிட்டு, காலையில் ஸ்கூல் வேனிலேயே இறங்கினோம். மனைவி பின்னால் பிள்ளைகளோடு, நான் முன்சீட்டில். பனி இன்னும் விலகவில்லை. பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். கொங்கிரீட் பாதை முடிந்து பெரிய ரோட்டில் ஏறியதும் மாமா சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றி, நெஞ்சு, தோள், தோள். அந்தக் கை அப்படியே போய் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளியது.

எஞ்சின் சத்தம் அடங்கியது. வேன் சத்தமில்லாமல் வேகமெடுத்தது. காற்று மட்டும் கேட்டது. அழகான ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். எனக்கு உள்ளே சுற்றுவது தெரிந்தது. அந்தப் பேசினில் ஊறிய தட்டுகள், அந்த டொப். ஒரு வளைவு போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வளைவு முடிந்தால் ரோடு கொஞ்சம் சமமாகும், அங்கேதான் அவர் டிரைவுக்குத் தள்ளுவார். அவர் கை லீவருக்கு வந்தது. நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன்.

"நிப்பாட்டிட்டுப் போடுங்க மாமா" என்றேன்.

அவர் பிரேக் போட்டு ஓரத்தில் நிறுத்தினார். என்ன ஏது என்று பார்த்தார். நான் சொன்னேன். கருகினது ஏன் என்று எனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் சொன்னேன். பம்ப், தட்டு, ஒயில், இறக்கம். நான் வாழ்க்கையில் அதைவிடத் தெளிவாக எதையும் விளக்கியதில்லை. பின்னால் ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, "சின்ன மாப்பிள்ளை அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

அவருக்கு அதில் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. கால் வலிக்கு வைத்தியரைக் கேட்பது போல, இதற்கு யாரைக் கேட்க வேண்டுமோ அவர் சொல்லவில்லை என்றார், அவ்வளவுதான். நான் பேச்சில் யாரையும் வென்றுவிடுவேன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்த ரோட்டோரத்தில் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மேலும் சொன்னால் அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நான் இல்லாத நாளில் உருட்டுவார். அவரை எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது.

போனை எடுத்துச் சகலைக்கு அடித்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவன் தூக்கக் குரலில் பேசினான். மாமா இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. 

பிறகு, "அதுதானே பாத்தேன்" என்றான். "அதுதான் அண்ணே. எனக்கு இந்த வாரம் முழுக்க அதே யோசன. ரப்பரு இல்ல அது, எனக்குத் தெரியும், ஆனா வேற என்னான்னு வெளங்கவே இல்ல." பிறகு மாமாவைக் கூப்பிட்டு, அண்ணன் சொல்வது போல ஓட்டாவிட்டால் பெட்டி திரும்பவும் போய்விடும், அதை யாராலும் தடுக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னான். மாமா, "சரிங்க மாப்பிள்ளை, இனி தொட மாட்டேன்" என்றார். எனக்குக் கிடைக்காத அந்தச் 'சரிங்க' அவனுக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்தது.

நான் போனை அணைக்கப் போனேன். அதற்குள் அவன், "அண்ணே, நான் மாமாகிட்ட கேட்டப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க" என்றான். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டான்.

"லைன் சரியில்ல தம்பி, சத்தம் வரல" என்று சொல்லி அணைத்தேன். பின்சீட்டிலிருந்து என் மனைவி என் பின்மண்டையைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.  அவள் கேட்காமல் விட்டவை அவளிடம் நிறைய இருக்கின்றன.

மாமா டிரைவில் போட்டார். கீழே வரைக்கும் லீவரைத் தொடவில்லை. எஞ்சின் உறுமி உறுமி வேனைப் பிடித்து இறக்கியது. அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, முகம் சுளித்துக்கொண்டே ஓட்டினார், ஆனாலும் ஓட்டினார்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளோடு நானும் மனைவியும் இறங்கினோம். அந்த வாரம் கீழ்த் தோட்டத்து வேனில் மகளை அனுப்பிய ஒரு தாய் அங்கே நின்றிருந்தாள். வேன் சரியாகிவிட்டதா, திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டாள். மாமாவின் முகம் நான் பல நாளாகப் பார்க்காத மாதிரி மலர்ந்தது.

"தைரியமா அனுப்பு பிள்ளை. என் சின்ன மருமகன் பண்டாரவளையில இருந்துக்கிட்டு, போன்லயே என்னா கோளாறுன்னு கண்டுபுடிச்சிட்டாரு" என்றார். பிறகு பெருந்தன்மையாக என் பக்கம் கையைக் காட்டி, "இவருதான் போன் போட்டாரு" என்றார்.

அந்தத் தாய் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னாள். நான் சைடு கதவை இழுத்து மூடினேன். கொஞ்சம் பலமாக மூடிவிட்டேன் போல, கதவு மெதுவா மாப்பிள்ளை என்றார் மாமா. வேன் புறப்பட்டது. டிரைவுக்குப் போட்டபோது வந்த அந்தச் சின்ன உலுக்கலை ரோட்டில் நின்று பார்த்தேன். சுத்தமான பிடி. அதில் குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று வேன் சந்தி திரும்பும் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை.